பர்வதிப் படியில் ஒரு 'நீங்க'

பெண் பார்க்கும் சடங்குக்கு அம்மு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காபித் தட்டோடு வந்து நிற்க மாட்டாள். வேண்டுமானால் வருகிறவர்களுக்குப் புனேயைச் சுற்றிக் காட்டுவாள். அந்த ஒரு நாளில் அவர்கள் அவளைப் பார்த்துக்கொள்ளட்டும், அவளும் அவர்களைப் பார்த்துக்கொள்வாள். இதைக் கேட்டதிலிருந்து அவள் அப்பா வெங்கடேஸ்வரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சாதாரண நாளிலேயே அவருக்கு இருப்புக் கொள்ளாது என்பது வேறு விஷயம். இருபத்திரண்டு வயதில் கும்பகோணத்திலிருந்து வந்து, இருபத்தொன்பது வருஷமாக வானிலை அலுவலகத்தில் மழையையும் வெயிலையும் குறித்துக்கொண்டிருக்கும் மனுஷர். நாளைக்கு என்ன ஆகும் என்று இன்றைக்கே தெரியாவிட்டால் சோறு இறங்காது. போன வருஷம் சென்னையிலிருந்து வந்த வரன், "பொண்ணுக்கு மரியாதை தெரியல" என்று ஒரே வாக்கியத்தில் கைகழுவிவிட்டுப் போயிருந்தது. இந்த மஸ்கட் பையன் ஷ்யாமோடு அம்மு மூன்று மாதமாக ஈமெயிலில் பேசிக்கொண்டிருக்கிறாள். கம்ப்யூட்டர் முன்னால் தனியாகச் சிரிக்கிறாள். இதுவும் தட்டிப்போனால் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவருடைய கவலை.

2003 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை வந்து சேர்ந்தார்கள். ஷ்யாம், அவன் அப்பா சந்துரு, அம்மா ரோஹிணி, கூடவே மஸ்கட்டில் பக்கத்து வீட்டுக்காரரான இருதயராஜ், கழுத்தில் காமிராவோடு. எல்லோரும் ஆற அமரச் சுற்ற வந்தவர்கள். அம்முவின் அம்மா ராத்திரிச் சமையலுக்காக வீட்டிலேயே தங்கிவிட்டாள். வெங்கடேஸ்வரனோ சட்டைப்பையில் நேரப் பட்டியலோடு வந்தவர். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை லக்ஷ்மி ரோட்டுக் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். இவர்களானால் ஷனிவார்வாடா கோட்டைக் கதவின் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கேதான் அம்மு ரோஹிணியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆன்ட்டி, நீ இந்தப் பக்கம் வா. அங்க வெயில்."

வெங்கடேஸ்வரன் சட்டென்று திரும்பி ரோஹிணியின் முகத்தைப் பார்த்தார். இந்தியில் 'ஆப்', மராத்தியில் 'தும்ஹி' என்று பெரியவர்களிடம் மரியாதையாக அளந்து பேசுகிற பெண்தான். ஆனால் அவளுக்குத் தமிழ் என்றால் அம்மா, அப்பா, புனே ஔந்த் பகுதியில் அவர்கள் ஃப்ளாட்டின் நாலு சுவர், அவ்வளவுதான். வீட்டில் யாரை 'நீங்க' என்று கூப்பிட்டிருக்கிறாள்? தமிழில் அவளுக்கு எல்லோருமே 'நீ'.

அதற்கப்புறம் அவர் எதையும் பார்க்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தார். "நீ பேல் பூரி சாப்பிடுவியா ஆன்ட்டி?" ஒன்று. "உன் பையைக் குடு, நான் தூக்கறேன்." இரண்டு. ரோஹிணி வாயைத் திறக்காமல் அம்முவையே பார்த்துக்கொண்டு நடந்தாள். சென்னைக்காரர்களும் இப்படித்தான் பேசாமல் பார்த்தார்கள்.

மதியச் சாப்பாடு முடிந்து, கை கழுவும் இடத்தில் மகளை மடக்கினார்.

"பெரியவாளை நீங்கன்னு சொல்லுடி. காலைலேர்ந்து என் மானம் போறது."

"நான் என்ன சொன்னேன்?"

"நீ, வா, போ. எல்லாம் சொன்னே."

அம்முவின் முகம் சிறுத்துவிட்டது. "சென்னைலேர்ந்து வந்தாளே, அவாகிட்டயும் இப்படியேவா பேசினேன்?" என்று கேட்டாள். அவர் நேரப் பட்டியலை எடுத்துப் பார்த்தார்.

சாயங்காலம் பர்வதி மலை. நூற்றுச் சொச்சம் படிகள். அம்மு அப்பா சொன்னதைச் செய்தாள். "நீங்க... தண்ணி... குடிக்கறீங்களா?" ஒவ்வொரு வார்த்தையையும் தட்டிப் பார்த்துக் காலை வைப்பவள் மாதிரி பேசினாள். பாதிப் படிக்கு மேல் பேச்சே நின்றுவிட்டது. எல்லோருக்கும் இரண்டு படி பின்னால், கைகளைக் கட்டிக்கொண்டு வந்தாள். வெங்கடேஸ்வரனுக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது. பெண் கற்பூரம், சொன்னதும் பிடித்துக்கொண்டுவிட்டாள் என்று பெருமைகூடப் பட்டார்.

உச்சியில் ஷ்யாமும் அவன் அப்பாவும் இருதயராஜும் ஊரைப் படமெடுக்கப் போனார்கள். ரோஹிணி வெங்கடேஸ்வரனைத் தனியே கூப்பிட்டாள்.

"மாமா, தப்பா நினைச்சுக்காதீங்கோ. பொண்ணுக்கு எங்களைப் பிடிக்கலை. கட்டாயப்படுத்த வேண்டாம்."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? கார்த்தால பூரா நீ, வா, போன்னு என் வயத்துல பொறந்தவ மாதிரி ஒட்டிண்டா. எனக்குப் பொண் இல்லை. நான் வாயைத் திறந்தா அழுதுடுவேனோன்னு பேசாம வந்தேன். சாப்பாட்டுக்கு அப்புறம் நீங்க, வாங்கன்னு தள்ளி நிறுத்திட்டா. நாங்க என்ன பண்ணினோம்னு தெரியலை."



"நான்தான்" என்றார் வெங்கடேஸ்வரன். "மரியாதையா இருக்கட்டும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். அவளுக்குத் தெரிஞ்ச தமிழ் அவ்வளவுதாம்மா. அவ அம்மாகிட்ட பேசறதைத்தான் உங்ககிட்டயும் பேசினா."

ரோஹிணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமா, சிரிப்பா என்று அவரால் கணிக்க முடியவில்லை. பிறகு விறுவிறுவென்று படியிறங்கி, உச்சிக்கு வராமல் சில படி கீழேயே தனியாக உட்கார்ந்திருந்த அம்முவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

இருவரும் என்ன பேசினார்கள் என்று மேலே காதில் விழவில்லை. அம்மு கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அப்புறம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். என்ன சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று கேட்க வெங்கடேஸ்வரனுக்குக் கால் பரபரத்தது. இரண்டு படி இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். இன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்தது போதும்.