அண்ணன் கைக்குப் போன பக்கங்கள்

டிராயிங் டீச்சரும், அவள் அண்ணனும், இன்னும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஓர் ஓவியப் பத்திரிகை நடத்திவந்தார்கள். ஒருவர் தொடங்கிய படத்தை அடுத்தவர் வாங்கி மேலே வரைவார். ஐந்து கை மாறினால்தான் ஒரு பக்கம் முடியும். அடுத்தவர் வரைந்ததை யாரும் அழிக்கக்கூடாது என்று சட்டம் போட்டதே அண்ணன்தான். புத்தக அட்டை வரைந்தே குடும்பத்தைக் காப்பாற்றியவர்.

அவர் கைக்குப் போன பக்கங்கள் ஒருநாள் முழுக்கக் கறுப்பாகத் திரும்பி வந்தன. மூலைமுடுக்கு விடாமல் மை.

"என் குதிரை எங்கேப்பா போச்சு?" என்று நண்பர்களில் ஒருவரான தாடிக்காரர் சிரித்தார். அடுத்த தடவையும் அப்படியே வந்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணனுக்கு மறதி நோய், இனி ஏறத்தான் செய்யும் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். எல்லாரோட உழைப்பும் வீணாகுது. இனி வரைய வேண்டாம்னு அண்ணன்கிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்றார் தாடிக்காரர்.

அண்ணன் வீட்டுக்கு வழியெல்லாம் வார்த்தைகளைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டு போனாள். அண்ணன் தூரிகைகளைக் கழுவி வைத்துக் காத்திருந்தார். அவள் பையிலிருந்து வெற்றுத்தாள்களை எடுத்து நீட்டினாள்.

"என்னம்மா, யாரும் ஒண்ணும் போடலியே?"

"இந்தத் தடவை நீங்கதாண்ணே முதல்ல."

அவர் முகம் மலர்ந்தது. தூரிகையை எடுத்தார். தாளுக்கு மேலேயே கை நின்றுவிட்டது. வெகுநேரம் கழித்துக் கீழே வைத்தார்.

"எங்கே ஆரம்பிக்கிறதுன்னு தெரியலம்மா. நீ ஏதாவது போட்டுக் குடேன்."

அவள் ஒரு மரம் வரைந்து கொடுத்தாள். அவர் ஒவ்வொரு இலையாகத் தேடிப்பிடித்து மையால் மூடினார். அந்தக் கையைப் பிடித்து நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏண்ணே மூடுறீங்க?"

"மூடலேன்னா போயிடுதும்மா" என்றார், தலை நிமிராமல்.

இதழ் நான்கு பேர் படங்களோடு வெளிவந்தது. அண்ணன் முன்னும் பின்னுமாகப் புரட்டினார்.

"என்னோடது எங்கே?"

"அடுத்த இதழ்ல வருதுண்ணே."

"அப்படியா? சரி, சரி" என்று அவர் நம்பிவிட்டார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.