மண் பெண்ணின் இடது கை

எங்கள் பூங்காவில் புல் வெட்டியவர் இசாக்கி. பூங்காவின் நடுவில் இருப்பது ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தைய பிரபு ஒருவரைப் புதைத்த மேடு. அறுபத்திரண்டு வயதிலும் அதன் சரிவில் ஆடு மாதிரி ஏறுவார். கோபம் மட்டும் மூக்கு நுனியில். மேட்டைச் சுற்றிக் கட்டிய கயிற்றை யாராவது தாண்டினால், நீளத்தடி நுனியில் பிளேடு சுழலும் அந்தப் புல்வெட்டும் மெஷினை அணைக்காமலே அவர்கள் காலருகே கொண்டுபோவார். நான் அருங்காட்சியகத்தில் உடைந்த மண்பாண்டங்களை ஒட்டுகிறவள். அவர்மேல் எனக்குப் பிரியமும் உண்டு, பயமும் உண்டு.

மனைவியை அடித்தே துரத்தியவர் அவர். மகள் மிசாவோவுக்கு வாய்த்த ஹிராகாவும் அதே ரகம்தான். கதவிடுக்கில் வைத்து அவளுடைய இடது கையை முறித்தான். கட்டுப் போட்ட கையோடு அப்பாவிடம் வந்தவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"இனிமே நீங்க யார்மேல கை ஓங்கினாலும் அன்னைக்கே கிளம்பிடுவேன்பா. அவன்மேல ஓங்கினாலும்தான்."

"சரிம்மா," என்றார்.

மேட்டைச் சுற்றி நிற்கும் களிமண் உருவங்கள், அந்தக் காலத்தில் புதைமேட்டில் வைத்தவற்றைப் பார்த்து ஊர்க்காரர்கள் செய்த நகல்கள். செய்தவர் பெயர் முதுகில் இருக்கும். மிசாவோ அந்த வருஷம் ஒற்றைக் கையாலேயே ஒரு பெண்ணைச் செய்தாள். இரண்டு கையையும் நீட்டி நிற்கிற பெண். இடது கை கொஞ்சம் குட்டை. தினமும் காலையில் இசாக்கி அதற்குத் தலைகுனிந்துவிட்டுத்தான் மெஷினைக் கிளப்புவார்.

மே மாத விடுமுறையில் ஹிராகா வந்தான். விவாகரத்து முடியாததால் அந்த உருவத்தின் முதுகில் அவனுடைய குடும்பப் பெயரோடு 'ஹிராகா மிசாவோ' என்றே இருந்தது. அவன் மண் பெண்ணின் தலையில் தட்டினான்.

"என் பேருதான் இருக்கு பாருங்க மாமா. இதுவும் என்னுது, அவளும் என்னுது. அனுப்பி வைங்க."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இசாக்கி அதை வீசினார். பிளேடு கால்சட்டையைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே எலும்புவரை இறங்கியது. கூழாங்கற்களில் ரத்தம் தெறித்தது. அவன் அலறிக்கொண்டு மண் பெண்ணுக்குப் பின்னால் உருண்டான். இரண்டாவது வீச்சு மண் பெண்ணின் மேல் விழுந்து அதன் கை பறந்தது. அப்புறம் மெஷினைக் கீழே போட்டுவிட்டு, அவன் முகத்திலேயே மிதித்தார். நாங்கள் மூன்று பேர் சேர்ந்துதான் இழுத்தோம்.

அலறல் கேட்டு மிசாவோ ஓடிவந்து மெஷினை அணைத்தாள். உடைந்த கையைப் பொறுக்கினாள்.

"அவன் உடைச்சதும் இடது கைதான்பா."

"உனக்காகத்தாம்மா..."

"அம்மாவை அடிச்சப்பவும் யாருக்காகவோதான் அடிச்சீங்க."

இரண்டே நாளில் ஒட்டித் தருகிறேன் என்றேன். "வேண்டாம் அக்கா," என்று கையைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு நாலு மணி பஸ்ஸில் போய்விட்டாள்.

ஹிராகா இப்போது நொண்டுகிறான். இசாக்கி சிறையிலிருந்து வந்தும் வேலை கிடைக்கவில்லை. வாரம் ஒருமுறை வந்து கயிற்றுக்கு வெளியே நின்று பார்ப்பார்.

"அந்தக் கையை ஒட்டிடேம்மா."

"கை அவகிட்ட இருக்கு. அவதான் தரணும்."

அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.