தூணில் சாய்ந்திருந்தவர்

பெங்களூர் ரெசிடென்சி ரோடு பக்கம் இருந்த அந்த ஆறு மாடி வணிக வளாகத்தில் பதினாறு கேமராக்கள். மாதம் ஒருமுறை போய் லென்ஸ் துடைத்து, ஒயர்களைப் பார்த்து, ரெக்கார்டரைச் சுத்தம் செய்வது என் வேலை. அப்போதெல்லாம் வீடியோ கேசட்தான். கிழமைக்கு ஒன்றாக ஏழு கேசட். அடுத்த வாரம் அதே கிழமை வந்தால் பழையதன் மேலேயே புதியது பதிவாகும்.

அடித்தளத்தில் வண்டிகள் நிறுத்துமிடத்துக்கு ஒரு செக்யூரிட்டி இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்து, சுரங்கத்தை மூடிய பிறகு தினமும் ரயிலில் பெங்களூருக்கு வந்து போனார். நான் ஏணியை எடுத்தால் போதும், கேட்காமலே வந்து அதைப் பிடித்துக்கொள்வார். “நீங்க மேல பாருங்க தம்பி, கீழ நான் இருக்கேன்” என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே இறங்கினேன். தூணோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, தலையைத் தூணில் சாய்த்திருந்தார். தொப்பி மடியில் கிடந்தது. உண்ட மயக்கம், பாவம், கொஞ்சம் கண்ணயரட்டும் என்று நினைத்தேன். சத்தம் போடாமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு அவரைக் கடந்துபோய், கோடியில் இருந்த கேமராவைத் துடைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஒரு டிரைவர் அவரைத் தட்டி எழுப்பியபோது சரிந்து விழுந்தாராம். மாரடைப்பு. மதியமே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

மறுநாள் கட்டட மேனேஜர் என்னை வரவழைத்து டேப்பைப் போடச் சொன்னார். அந்த ரெக்கார்டர் சில நொடிக்கு ஒரு படம்தான் பிடிக்கும். திரையில் ஆட்கள் விட்டுவிட்டுத் தாவுவார்கள். இரண்டு மணி சுமாருக்கு அவர் நெஞ்சில் கை வைக்கிறார். எழப் பார்க்கிறார், முடியவில்லை. கை ஒருமுறை உயர்கிறது. ஒரு கார் போகிறது. பிறகு ஏணியோடு ஓர் ஆள் வருகிறான். அவரை நெருங்குகிறான். அடுத்த படத்தில் தாண்டிவிட்டான். அதற்குப் பிறகும் அவர் கை அசைந்தது.

“யாருய்யா அது, லேடர் தூக்கிட்டுப் போறது?”

“நான்தான் சார்.”

மேனேஜர் டேப்பை நிறுத்தினார். “போலீஸ் கேக்கல, செக்யூரிட்டி ஏஜென்சியும் கேக்கல. டேப்ப எடுத்த எடத்துலயே வெச்சிடு. அடுத்த செவ்வாக்கெழம தானா போயிடும். உனக்கும் நல்லது.”

என் பையில் புதுக் கேசட் இரண்டு இருந்தன. செவ்வாய்க் கேசட்டை எடுத்துவிட்டு ஒன்றை மாற்றி வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை ரெக்கார்டர் மக்கர் செய்கிறது என்று போயிருந்தேன். இறந்துபோன செக்யூரிட்டியின் டிபன் கேரியரையும் செருப்பையும் வாங்கிப்போக அவர் மனைவி வந்து ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தார். நான் தமிழ் பேசுகிறவன் என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, கீழ கேமரா இருக்காமே. அவரு போன நேரத்துல பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா? ஒரு வாய் தண்ணி குடுத்தாங்களா?”

பொய் வாய்வரை வந்தது. சொல்ல முடியவில்லை.

“நான் அந்தப் பக்கம் போனேங்கா. தூங்குறாருன்னு நெனச்சு வந்துட்டேன்.”

அழுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

“அவரு டூட்டியில தூங்கமாட்டாரு” என்றார். “அத்தன வருசம் பூமிக்கடியில வேல பாத்தாரு. ஒருநாளும் தூங்குனாருன்னு யாரும் சொன்னதில்ல. தொட்டு எழுப்பியிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“தப்புதாங்கா.”

“அந்தப் படத்த நான் பாக்கணும்.”

“அழிஞ்சுபோச்சு.”

“யாரு அழிச்சது?”

அழிய விட்டவன் நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்த அக்கா செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். ரயிலுக்கு நேரமாகிறது என்று ரிசப்ஷன் பெண்ணிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்.

அந்தக் கட்டடத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் போனேன். அடித்தளத்துக் கேமராக்களுக்கு மட்டும் வேறு ஆளை அனுப்புங்கள் என்று கம்பெனியில் கேட்டுக்கொண்டேன். ஏன் என்றார்கள். முதுகுவலி என்றேன்.