பிரைஸ் வீட்டுப் பின்னறை

இது யாரோ சொல்லி நான் கேட்ட கதை இல்லை. எனக்கே நடந்தது. சந்தேகம் இருந்தால் என் மச்சான் ரூஃபஸைக் கேளுங்கள். பேச மாட்டான். அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டுப் படியை அவன் மிதித்ததும் இல்லை.

ஒஹாயோ ஆற்றின் வடகரையில் இருக்கிறது எங்கள் வீடு. பழைய செங்கல் வீடு. நானும் என் மனைவி லுவெல்லாவும் ஆசைப்பட்டு வாங்கினோம். ஊரில் அதற்குப் பிரைஸ் வீடு என்று பெயர். எங்கள் முன்னோர் அக்கரையில், கென்டக்கியில், அடிமைகளாகக் கிடந்த காலத்தில் ஆற்றைக் கடந்து தப்பி வந்தவர்களை எல்கானா பிரைஸ் என்ற வெள்ளைக்காரர் அங்கேதான் ஒளித்து வைத்தாராம். முக்கியமாகக் குழந்தைகளை. குழந்தை அழுதால் துரத்தி வரும் ஆள்பிடிகாரர்களிடம் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள் என்று பயந்த தாய்மார்கள், பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு முன்னால் ஓடினார்கள். அவர் பின்னால் பத்திரமாக அனுப்பி வைத்தார். ஊரே அப்படித்தான் சொல்லும். எங்கள் சர்ச்சில் அவர் பேரைச் சொல்லி நன்றி ஜெபம் செய்வார்கள்.

ஒளித்து வைத்த அறை சமையலறை அலமாரிக்குப் பின்னால் இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கப் பலகை அடித்திருந்தது. கனமான ஒரு மரக்கதவு. அதற்குப் பூட்டோ தாழ்ப்பாளோ இல்லை.

ஜனவரி மாதம், ஒரு சனிக்கிழமை. மறுநாள் சர்ச் ஆட்கள் அந்த அறையில் ஜெபிக்க வருவதாக இருந்தது. லுவெல்லா கடைக்குப் போயிருந்தாள். அறைக்குள் ஒரு பல்பு மாட்டலாம் என்று நானும் ரூஃபஸும் நுழைந்தோம். மாலை ஐந்தரை இருக்கும். வெளியே இருட்டிவிட்டது. பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்குள்ள உன் தொப்பையே அடங்கல மச்சான். எப்படி ஆளுங்கள ஒளிச்சாங்க?" என்றான் ரூஃபஸ்.

"வாய மூடிட்டு வயரப் புடிடா."

முதலில் வாடைதான் வந்தது. ஆற்றுச் சேற்று வாடை. கரையெல்லாம் கல்லாக உறைந்து கிடக்கிற நாளில் சேறு எங்கிருந்து நாறும்?

பிறகு தரையைப் பார்த்தேன். சின்னச் சின்ன ஈரத் தடங்கள். உள்ளே வந்திருந்தன. வெளியே போன தடம் ஒன்றுகூட இல்லை.

"நாய் ஏதாவது பூந்துருச்சா?" என்றேன்.

ரூஃபஸ் குனிந்து பார்த்தான். "நாய்க்கு அஞ்சு விரலா மச்சான்?"

அவன் சிரிக்கவில்லை.

5.50. பட்டென்று வெளிச்சம் போனது. வீடு முழுக்க.

"டார்ச் வண்டியில கெடக்கு. அசையாம நில்லு, இதோ வந்துர்றேன்" என்று போனான். அவன் பூட்ஸ் சத்தம் தேய்ந்தது. பின்கதவு சாத்திக்கொண்டது.

நான் நின்றேன்.

க்ரீ...ச்.

அறைக்கதவு தானாக மூடியது. வெளியே இரும்பு உரசும் சத்தம். யாரோ தாழ்ப்பாள் போடுகிற சத்தம். தாழ்ப்பாளே இல்லாத கதவுக்கு...

"ரூஃபஸ், விளையாடாத!"



மூச்சுச் சத்தம் கேட்டது. என்னுடையது இல்லை. என் இடுப்புக்குக் கீழே இருந்து வந்தது. ஒன்று... இன்னொன்று... என்னைச் சுற்றிலும்.

சின்னக் கை ஒன்று என் விரலைப் பிடித்தது.

பனிக்கட்டி மாதிரி இருந்தது. நனைந்திருந்தது. விடவில்லை.

 

கதவுக்கு வெளியே ஒரு ஆண் குரல். கனிவான குரல்.

"பயப்படாதீங்க கண்ணுங்களா. விடிஞ்சதும் படகு வந்துரும்."

என் பக்கத்தில், இருட்டில் ஒரு குழந்தை கேட்டது. "அம்மாகிட்ட போறோமாய்யா?"

"அம்மாகிட்டதான் ராசா."

காலடி நகர்ந்தது. பிறகு வேறொரு குரல். கரகரப்பான குரல்.

"எத்தன உருப்படி?"

"ஆறு. எல்லாம் சின்னதுங்க."

"விடியறதுக்குள்ள அக்கரையில எறக்கிரணும். ஏலக்காரன் காத்திருக்கான்."

என் விரலைப் பிடித்திருந்த கை இறுகியது.

காலடி கதவருகே திரும்பி வந்தது.

"ஆறுன்னியே..." என்றது கரகரப்புக் குரல். "உள்ள ஏழு மூச்சு கேக்குது."

நான் மூச்சை அடக்கினேன்.

தாழ்ப்பாள் நகர்ந்தது.

கதவு திறந்தது.

வெளிச்சம்... என் முகத்தில்.

ரூஃபஸ்.

"என்னய்யா ஆச்சு உனக்கு? அரை மணி நேரமா கதவ இழுக்கறேன், அசைய மாட்டேங்குது! கத்திக் கத்தித் தொண்டை போச்சு!"

 அவன் டார்ச்சை என்மேல் இருந்து மெல்ல இறக்கினான். என் இடுப்பருகே அடித்தான். அங்கேயே நிறுத்தினான்.

டார்ச் கீழே விழுந்தது.

கோட்டுகூட எடுக்காமல் பனியில் ஓடினான். என்ன பார்த்தாய் என்று லுவெல்லா போனில் கேட்டபோது, "அக்கா... மச்சான் அங்க தனியா நிக்கல" என்றான். அவ்வளவுதான். இன்றுவரை அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் சர்ச் ஆட்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கூரை ஒழுகுகிறது என்று பொய் சொன்னேன்.

ஏப்ரலில் மனது கேட்காமல், டன்கன் என்ற கொத்தனாரைக் கூப்பிட்டு அந்த அறையின் பலகைகளைப் பெயர்க்கச் சொன்னேன். பின்னால் கருங்கல் சுவர். கல்லில் ஈயம் ஊற்றிப் பதித்த இரும்பு வளையங்கள். ஆறு.

"ஆடு கட்டியிருப்பாங்க சார்" என்றார் டன்கன்.

ஒரு வளையத்தில் மட்டும் துருப்பிடித்த சங்கிலி தொங்கியது. முனையில் ஒரு கைவிலங்கு. அவர் அதை எடுத்து என்னிடம் நீட்டினார். விரல்களை விட்டுப் பார்த்தேன். இரண்டு விரல்தான் நுழைந்தது.

டன்கன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

விலங்கின் உள்பக்கம், தோலை அறுக்காமல் இருக்க, பூப்போட்ட துணி சுற்றியிருந்தது, யாரோ ஒரு தாய் தன் பாவாடையிலிருந்து கிழித்துப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் போனது போல. அது இன்னும் ஈரமாக இருந்தது.