மெழுகு நூலில் போட்ட முடிச்சு

ஆம்பூரில் ஷூவின் மேல்பாகத்தை வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுப்பது என் வேலை. என் மகள் செல்விக்கு ஏழு வயது. ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருக்க மாட்டாள். பள்ளியிலிருந்து தினமும் புகார். டாக்டரோ, "நோய் ஒண்ணும் இல்லம்மா, இதுக்கு மருந்து கிடையாது" என்று அனுப்பிவிட்டார். அடித்தும் பார்த்தேன், அழுதும் பார்த்தேன்.

போன மாதம் ஒரு நாள், தைத்ததைக் கொடுக்க ஏஜென்ட் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் என் பின்னால் ஓடிவந்து பஸ்ஸில் அடிபட இருந்தாள். அந்தப் பயத்தில், கையில் கிடைத்த மெழுகு நூலால் அவள் காலை ஜன்னல் கம்பியோடு கட்டினேன். "அசையாம ஒக்காரு, வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஷூ தைக்கும் நூல் இழுத்தால் அறாது, இறுகும். தினமும் அதிலேயே தைக்கிற எனக்கு அது தோன்றவில்லை. திரும்பி வந்தபோது நூல் கணுக்காலில் புதைந்து, பாதம் நீலம் பாரித்திருந்தது. முடிச்சு அவிழவே இல்லை. என் அலறலைக் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு ஷமீமா அக்கா, தோல் வெட்டும் கத்தியால் அறுத்துவிட்டார்.

"இன்னாம்மா இது, பெத்த புள்ளய இப்டியா கட்டுவ?"

செல்விதான் தேம்பிக்கொண்டே சொன்னாள்: "நான் கொஞ்சம்தாம்மா அசஞ்சேன்."

இப்போது அவளைக் கட்டுவதில்லை. ஏஜென்ட் வீட்டுக்குக் கூடவே அழைத்துப் போகிறேன். தைத்ததைப் போட்ட பையின் ஒரு காதை அவள் பிடித்துக்கொள்வாள், இன்னொன்றை நான். பாதி வழியில் விட்டுவிட்டு ஓடுவாள். நானும் பின்னாலேயே ஓடுகிறேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.