அழிக்காமல் வைத்த அமைதி

என் தொழிலை யாருக்கும் ஒரே மூச்சில் விளக்க முடிந்ததில்லை. பள்ளிகளுக்குப் பாடக் காணொளி செய்வேன். நாடகத்துக்கு ஒலி அமைப்பேன். கண்காட்சிக் கூடங்களில் திரையில் ஓடுவதற்கு ஏதாவது தயாரித்துக் கொடுப்பேன். மல்டிமீடியா தயாரிப்பாளர் என்று சொன்னால், சொந்தக்காரர்கள் “கல்யாண வீடியோவா?” என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன்.

மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்காக, கொழுந்து எப்படித் தூளாகிறது என்று ஒரு பாடம் எடுத்தோம். அதில் பேசியவர் அந்தத் தோட்டத்துப் பெண். அவரும் புருஷனும் கொழுந்து வெட்டும் மெஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, செடி வரிசைக்கு இரண்டு புறமும் நடக்கிறவர்கள். காலி வகுப்பறை ஒன்றில் அவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டேன். சிரிக்கச் சிரிக்கப் பேசினார். பாடத்துக்கு ஒப்புதல் தரும் குழுவோ, தோட்டத்துப் பேச்சு பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்றது. அந்தப் பிள்ளைகள் வீட்டில் வேறு என்ன பேசுகிறார்களாம்? எனக்கு வந்த கோபத்தில் இரண்டு கூட்டத்தில் சண்டை போட்டேன், எடுபடவில்லை. ஈப்போ நகரத்திலிருந்து ஓர் அறிவிப்பாளரை வரவழைத்து அவர் குரலைப் போட்டோம். பாடம் பள்ளிக்குப் போனதும், மூலப் பதிவுகளை வழக்கம்போல் அழித்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் நாங்கள் அழிப்பதில்லை. பேட்டி முடிந்ததும் எல்லாரையும் வாய் திறக்காமல் இருக்கச் சொல்லி, அந்த அறையின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்வோம். வெட்டி ஒட்டும் இடங்களில் அது பூச்சு வேலைக்கு உதவும். பிறகு எந்த நாடகத்துக்கும் பயன்படும் என்பதால் சேர்த்துவைப்போம். அன்றைக்கும் எடுத்தேன். அந்த அம்மா அசையாமல் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே பனியில் தனக்காகக் காத்து நின்ற புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் வேறொரு வேலையாக அதே மலையில் தானா ராத்தா ஊரில் தங்கியிருந்தபோது, அந்தப் புருஷன் என்னைத் தேடி வந்தார். பள்ளிக்கூடத்தில் பார்த்ததால் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார். பிற்பகல்தான், ஆனால் பனி இறங்கி எதிர்க்கடை தெரியவில்லை. மனைவி இறந்துவிட்டதாகச் சொன்னார். குரல் ஏதாவது இருந்தால் வேண்டும் என்றார். போட்டோ இருக்கிறது, குரல்தான் இல்லையாம்.

எல்லாம் அழிந்துவிட்டது என்று நான் சொன்னதும் எழுந்து போவார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. மனைவி இறந்த அன்று நடந்ததை மெதுவாகச் சொன்னார். மெஷின் ஓடினால் பேச்சு கேட்காது. அதனால் இரும்புப் பிடியில் மோதிரத்தால் தட்டுவார்கள், அதிர்வு எதிர்க் கைக்கு வரும். மூன்று தட்டு என்றால் நில் என்று அர்த்தம். மற்றவர் பதிலுக்கு ஒரு தட்டுத் தட்டும்வரை விடாமல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அன்று பனியில் அவள் முகம் தெரியவில்லை. அவள் விழுந்து, மெஷின் ஒரு பக்கம் சாய்ந்த பிறகுதான் இவருக்குத் தெரிந்தது. நெஞ்சுவலி.

“குளுர்ல கை மரத்துப் போச்சு டீச்சர். தட்டுனாளா தட்டலையான்னு தெரியல. கனவுலகூட வர மாட்டேங்கறா. கோவமான்னு அவ கொரலக் கேட்டா தெரிஞ்சிரும்லா.”

அந்த ஒரு நிமிட அமைதி மட்டும் இருக்கிறது, அதில் பேச்சே இல்லை என்றேன். அந்த அறையில் அவள் இருந்தாளா என்று கேட்டார். இருந்தார் என்றேன். “அப்ப அதப் போடுங்க,” என்றார்.

மடிக்கணினியோடு ஒரு சின்ன ஒலிபெருக்கியை இணைத்துப் போட்டேன். முதலில் காற்று. பிறகு மரத்தில் ஏதோ மெல்லத் தட்டும் சத்தம். மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று. இந்தச் சத்தம் எனக்குப் பழக்கம்தான். ஒரு கண்காட்சிக்காக இதே பதிவின் பிரதியைப் பயன்படுத்தியபோது, கூரையில் நீர் சொட்டியிருக்கும் என்று நினைத்துக் கடைசி நொடிவரை தட்டல் தட்டலாக நீக்கியிருக்கிறேன். என்ன சத்தம் என்று அப்போது யோசித்ததில்லை. இப்போது என் கண் அவர் மோதிரத்துக்குப் போனது.

அவர் அழவில்லை. மேசையில் கையை வைத்து, மோதிரத்தால் ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் நிற்கவில்லை. மறுபடி மூன்று. அவர் இன்னும் பலமாகத் தட்டினார். பதிவு எப்படி நிற்கும்? அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், மூன்றாவது முறை அவர் விரல் மேசையில் பட்டதும் நான் ஒலியை மெல்லக் குறைத்துவிட்டேன். என் கை அவருக்குத் தெரிந்திருக்காது.

“நின்னுட்டா,” என்றார். மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, “கோவம் இல்ல,” என்றார். தேநீர்கூடக் குடிக்காமல் பனிக்குள் இறங்கிப் போனார்.

செய்தது சரியா என்ற குழப்பத்தில், ஒலியைக் கூட்டிவைத்து முதலிலிருந்து கேட்டேன். தட்டல் வந்தது. நான் குறைத்த அதே இடம்வரை வந்தது. முன்பு கடைசி நொடிவரை நான் நீக்கிய தட்டல், அதற்குப் பிறகு இல்லை. கொஞ்ச நேரம் காற்று மட்டும். அப்புறம் சிமெண்டுத் தரையில் நாற்காலி நகர்ந்து, யாரோ எழுந்து போகும் சத்தம்.

மெல்லிய தட்டலை நீக்கிவிடலாம். நாற்காலி இழுபடும் பதிவை என் தொழிலில் யாரும் வைத்திருக்கமாட்டார்கள். அந்தச் சத்தம் இருந்திருந்தால் அன்றைக்கே வகுப்பறையில், இன்னொரு தடவை எடுக்கலாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருப்பேன்.