நான் படிக்கும் வரை கால் மடக்கி நின்ற பிள்ளைகள்

இன்று சேக்காட்டில் பேத்தியின் கராத்தே வகுப்பு. மாஸ்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சுவரில் தமிழில் எழுதியிருந்த ஜப்பான் சொற்களைப் படித்துச் சொல்லும்படி எனக்குச் சைகை காட்டினார்.

என் மனைவி பதறினாள். "வேணாம் சார். இப்பதான் எழுத்து கத்துக்கினு கீறாரு. பஸ் போர்டையே குத்துமதிப்பாத்தான் சொல்வாரு."

கேள்விப்படாத சொல்லை எப்படிக் குத்துமதிப்பாகச் சொல்வது? எழுத்துக் கூட்டினேன்.

"கி... பா... டா... ச்சி."

பிள்ளைகள் அத்தனை பேரும் குதிரைமேல் உட்கார்ந்ததுபோல் முட்டியை மடக்கி நின்றார்கள்.

கண்ணாடியைத் துடைத்து அடுத்த சொல்லைப் பிடிக்க நேரமானது.

"தாத்தா, சீக்கிரம் படி. காலு நடுங்குது" என்றாள் பேத்தி.

"ய... மே."

நிறுத்து என்று அர்த்தமாம். எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

வெளியே மனைவி யாரிடமோ, "எங்க ஊட்டுக்காரு ஜப்பான் பாஷையே படிக்கிறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

உங்களில் யாருக்காவது கால் உறுதிப்பட வேண்டுமா? மெதுவாகப் படிக்க நான் இருக்கிறேன்.